அப்பாவுக்குக் குளத்து மீன்

1

ஊரிலிருந்து கடிதம் போடுகிற எல்லோரும் கங்காருவைப் பற்றி எழுதச் சொல்கிறார்கள். இந்த நாட்டுக்கு வந்து ஐந்து வருடமாகிறது. நான் பார்த்த கங்காரு ஒன்றே ஒன்று. அதுவும் நெடுஞ்சாலை ஓரத்தில் கார் அடித்துச் செத்துக் கிடந்தது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. ஆகவே மீனைப் பற்றி எழுதுகிறேன்.

வருகிற வியாழக்கிழமை அப்பாவின் ஆட்டைத் திவசம், அவர் போய் ஒரு வருடம். மெல்பேர்ணில் எங்களுக்கு ஐயர் கிடையாது. ஐயருக்குப் பதிலாக என் மனைவி புவனம் இருக்கிறாள்; கண்டிப்பில் குறை ஒன்றுமில்லை, தட்சணைதான் கொஞ்சம் கூட. இரண்டு நாளாக அவள் எள்ளுக்கும் தர்ப்பைக்கும் என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டிருக்கிறாள். நான் போன வருடத்து மீனை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

2

அப்பா போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. தந்தி எங்கள் பிரெஸ்ரன் வீட்டுக்கு வந்தது செவ்வாய்க்கிழமை பின்னேரம். அதற்குள் அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. மூத்தவன் நான் வைக்க வேண்டிய கொள்ளியைத் தம்பி வைத்திருக்கிறான். நான் அந்த நேரம் கந்தோரில் வேலைக்கு நடுவே தேநீர் ஊற்றிக்கொண்டு, எங்கள் பகுதித் தலைவருக்குக் கிரிக்கெட் பற்றி விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்திருப்பேன். 

அடுத்த நாள் போய்த் தலைவரிடம் சொன்னேன். நல்ல மனுசன். மிகவும் வருந்துவதாகச் சொன்னார். பிறகு, நீங்கள் இருவரும் நெருக்கமா என்று கேட்டார். ஆறாயிரம் மைல் என்று சொன்னேன். அவர் சிரிப்பதா விடுவதா என்று தெரியாமல் மூன்று நாள் விடுமுறை தந்தார். என் வாயை நான் அடக்கப் பழகியிருந்தால் இந்நேரம் பதவி உயர்வு கிடைத்திருக்கும்.

அந்த மூன்று நாளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஊரில் செத்தவீடு என்றால் வீட்டுக்காரனுக்கு இருந்து அழ நேரம் இராது. பந்தல்காரன் வருவான், பறை வரும், கோபித்துக்கொண்டிருந்த சொந்தக்காரர் வந்து இன்னொரு முறை கோபித்துக்கொண்டு போவார்கள். இங்கே நானும் புவனமும் வரவேற்பறையில் எதிரெதிர்க் கதிரைகளில் இருந்தோம். மகள் வாணி பள்ளிக்கூடம் போய்விட்டாள். வெளியே யாரோ புல்லு வெட்டுகிற மெஷின் சத்தம். இரண்டு தமிழ்க் குடும்பங்கள் தொலைபேசியில் கதைத்தார்கள். ஆள் என்று வந்தது பக்கத்து வீட்டு ரொன் மட்டும்.

ரொன் ட்ராம் ஓட்டுகிறவர். ஐம்பது வயதுக்குக் கிட்ட. மனைவி இல்லை, ஒரு கிழட்டு நாய் உண்டு. எதைப் பார்த்தாலும் குறை சொல்லுவார். வெயிலென்றால் வெயில், மழையென்றால் மழை. அன்றைக்கும் குளிரைக் குறை சொல்லிக்கொண்டே ஒரு தட்டை நீட்டினார். அதில் ஆட்டிறைச்சித் துண்டங்கள், அவரே ஓவன் அடுப்பில் வாட்டியது. இந்த ஊரில் செத்தவீட்டுக்குச் சாப்பாடு கொடுப்பார்களாம். எங்கள் வழக்கத்தில் எட்டுச் செலவு முடியும்வரை அந்த வீட்டில் மச்சம் இல்லை. மீன், இறைச்சி, முட்டை ஒன்றும் அடுப்பில் ஏறாது. அதை அவருக்கு எப்படி விளக்குவது? புவனம் கும்பிடாத குறையாக வாங்கி, அவர் போனதும் ஐஸ் பெட்டியில் வைத்து மூடினாள்.

வெள்ளிக்கிழமை இரவு சாப்பிடும்போது அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் இன்னும் அழேல்லை," என்றாள்.

விடுமுறை முடிந்துபோச்சு, இனி எங்கே நேரம் என்று சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. எனக்கும் அதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை. ஆனால் உண்மை அதுதான், அழுகை வரவில்லை.

3

எட்டுச் செலவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எட்டாம் நாள் போனவருக்குப் பிடித்ததை எல்லாம் சமைத்துப் படைப்பது. எங்கள் பக்கத்தில் படைத்ததில் ஒரு பங்கை ஏனத்தில் எடுத்து, மகன் கொண்டுபோய்ச் சந்தியில் வைத்துவிட்டு, திரும்பிப் பாராமல் வர வேண்டும். அந்த ஏனம் பிறகு வீட்டுக்கு வரக்கூடாது. கொள்ளி போய்விட்டது, சாம்பல் கரைப்பதும் போய்விட்டது. என் கைக்கு மிஞ்சியது இந்த ஒரு சாப்பாடு.

அப்பாவுக்குப் பிடித்தது மீன். பிடித்தது என்பது சின்னச் சொல். தினமும் காலையில் குடையோடு சந்தைக்குப் போய், ஒவ்வொரு மீனின் செவுளையும் பெருவிரலால் திறந்து பார்த்து, விற்கிற பெண்களிடம் ஏச்சு வாங்கி, ஒட்டியோ ஓராவோ விளைமீனோ கொண்டுதான் வீட்டுக்குள் காலடி வைப்பார். எல்லாம் கடல் மீன். குளத்து மீன் என்றால் மனுசனுக்கு ஆகாது. உத்தியோகத்தில் ஆறு வருடம் வவுனியாவில் இருந்தார். அங்கே குளத்துக்கும் மீனுக்கும் என்ன குறை? ஆறு வருடமும் பருப்பும் கத்தரிக்காயும் தின்றார். யாராவது வற்புறுத்திக் குளத்து மீனை வைத்தால் ஒரு வாய் வைத்துவிட்டு, "சேத்து மணம்" என்று ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்லித் தட்டைத் தள்ளுவாராம். 

செவ்வாய்க்கிழமை எட்டு என்று கணக்குப் போட்டிருந்தேன். அன்று காலை சந்தைக்குப் போய் நல்ல கடல் மீன் வாங்குவதாக ஏற்பாடு. சனிக்கிழமை பின்னேரம் உடுப்பு மடித்துக்கொண்டிருந்த புவனம் திடீரென்று கையை நிறுத்தினாள்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் எதிலையிருந்து எண்ணினனீங்கள்?"

"தந்தி வந்த நாளிலையிருந்து."

"செத்தது தந்தியே? மாமாவெல்லோ."

கணித ஆசிரியனாகப் பத்து வருடம் இருந்தவன் நான். அதை இங்கே எழுதியதற்காக என் பழைய மாணவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். எட்டாம் நாள் விடிந்தால் ஞாயிறு.

இந்த நாட்டில் சனிக்கிழமை மத்தியானத்தோடு கடைகள் பூட்டிவிடும், திங்கள்தான் திறப்பு. சாவு கூட வேலைநாளில் வர வேண்டும். சந்தியில் பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் விற்கிற கடை திறந்திருந்தது. நான் கிளம்பிவிட்டேன். வாசலில் புவனம் மறித்தாள். அங்கே பொரிப்பது எதில் என்று கேட்டாள். எதில் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்: மாட்டுக் கொழுப்பில். திருநீறு பூசாமல் தண்ணீர் குடிக்காத மனுசனுக்கு அதைப் படைப்பதா? அலமாரியில் தகரத்தில் அடைத்த ரின் மீன் ஒன்று இருந்தது. அதை எடுத்துக் காட்டினேன். அவள் உடுப்பு மடிக்கத் திரும்பிப் போனாள். திருப்பி வைத்துவிட்டேன்.

வேலிக்கு மேலால் ரொன்னிடம் போய், நாளைக்கு எங்கேயாவது மீன் கிடைக்குமா, ஒரு சமயக் காரியம் என்று சொன்னேன். கிடைக்கும் என்றார், ஆனால் நீ பிடிக்க வேண்டும்.

4

வடக்கே ஒன்றரை மணிநேரக் கார் ஓட்டம். கடல் எங்களுக்குத் தெற்கே, அரைமணியில் போகலாம். ஏன் அங்கே போகவில்லை என்று கேட்டேன். கடலில் காற்று, படகில்லை, கரையிலிருந்து ஒன்றும் அகப்படாது. ஏரியில் ரெட்ஃபின் நிச்சயம் என்றார். ரெட்ஃபின் என்பது வயிற்றுச் செட்டை சிவந்த, உடம்பில் வரி போட்ட ஒரு மீன். பிடிப்பவர் அவர், எதிர்த்துக் கதைக்க எனக்கு என்ன தெரியும்? யாழ்ப்பாணத்தான் என்றால் வலையோடு பிறந்தவன் என்று ரொன் நினைத்திருந்தார். நான் தூண்டில் பிடித்தது அதுவரை இல்லை.

வாணியும் வந்தாள், மீனுக்காக அல்ல, ரொன்னின் நாய்க்காக. அப்போது எட்டு வயது. இங்கே வரும்போது நாலு. வரும்போது கொண்டுவந்த தமிழை வழியில் எங்கேயோ ஒவ்வொன்றாக விட்டுவிட்டாள். காரில் ரொன்னுக்கு நான் அப்பாவைப் பற்றியும் இந்த மீன் யாருக்கு என்பதையும் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து அவள் ஆங்கிலத்தில் கேட்டாள்: அப்பப்பா யார், வீட்டுப் படத்தில் கண்ணாடி போட்டவரா, குடை வைத்திருக்கிறவரா?

குடை வைத்திருக்கிறவர் என்றேன். கண்ணாடி போட்டவர் என் பெரியப்பா, அப்பப்பாவின் அண்ணன். ஓகே என்றாள். அவ்வளவுதான். தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை போல அதை மனதில் வைத்துக்கொண்டாள்.

ஏரி பெரிதில்லை. எங்கள் ஊரில் என்றால் ஒரு நடுத்தரக் குளம். சுற்றிலும் பட்டை உரிந்த யூகலிப்டஸ் மரங்கள், தண்ணீருக்குள் சில செத்த மரங்கள். குளிர். எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. மீன் பிடிக்கவும் இந்த நாட்டில் அனுமதிச் சீட்டு வேண்டும். அதை விற்கிற கடை, சொல்லத் தேவையில்லை, பூட்டு. ரொன் தன்னுடைய சீட்டை எடுத்து என் சட்டைப் பைக்குள் செருகினார். யாராவது வந்து கேட்டால் நீதான் ரொன் என்றார். கேட்கிறவன் என் முகத்தைப் பார்க்க மாட்டானா என்றேன். இந்த வருடக் கோடை கொஞ்சம் கடுமை என்று சொல்லு என்றார். 

அவர் தோட்டத்தில் தோண்டிக் கொண்டுவந்த மண்புழுவை முள்ளில் குத்தினேன். முதல் புழு என் விரலோடு சேர்ந்து ஏறியது. ரொன் வீசினார், எடுத்தார். வீசினார், எடுத்தார். மத்தியானத்துக்குள் அவருடைய வாளியில் நாலு மீன், ஒவ்வொன்றும் முழங்கை நீளம். என் தூண்டில் தண்ணீருக்குள் நின்ற செத்த மரத்தைத்தான் திரும்பத் திரும்பப் பிடித்தது. கடைசியில் அந்த மரத்துக்கே என்மேல் இரக்கம் வந்திருக்கும்.

ரொன் வாளியைக் காட்டி, எல்லாம் உனக்குத்தான், போவோம் என்றார். வேண்டாம் என்றேன். ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை. மகன் பிடித்த மீன்தான் படைக்க வேண்டும் என்று எந்தச் சாத்திரத்திலும் இல்லை. புவனத்தின் சாத்திரத்தில் கூட இல்லை. கொள்ளியைத் தம்பி வைத்தான். மீனையும் ட்ராம் ஓட்டுகிறவர் பிடித்தால் அப்பாவுக்கு மூத்த மகன் என்று ஒருவன் எதற்கு?

அதனால் நின்றேன். ரொன் குளிரைத் திட்டினார், பிறகு ஏரியைத் திட்டினார், பிறகு காருக்குள் போய் இருந்தார். வாணி நாயோடு கரையைச் சுற்றி வந்தாள். கை விறைத்தது. மூன்று மணியளவில் சுருட்டுவோம் என்று இழுத்தபோது நுனியில் ஏதோ துடித்தது. என் உள்ளங்கை அளவு ஒரு ரெட்ஃபின். எனக்குத் தெரியாமலே அது கொழுவிக்கொண்டிருந்திருக்கிறது.

ரொன் வந்து பார்த்தார். மிகவும் சின்னது, விட்டுவிடு, வளரட்டும் என்றார். வாணி தண்ணீருக்குக் கிட்டப் போய் நின்று, விடுங்கோ டாட், அது பேபி என்று கெஞ்சினாள். முதுகுச் செட்டை முள் என் கையில் ஏறியிருந்தது. இரத்தம் வந்தது. நான் விடவில்லை.

"இது அப்பப்பாவுக்கு," என்றேன்.

"அவர் செத்துப்போனார்தானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

திரும்பி வரும் வழி முழுக்க அவள் என்னோடு கதைக்கவில்லை. ரொன்னும் கதைக்கவில்லை. வாளிக்குள் பெரிய மீன்களுக்கு நடுவே அந்தக் குட்டி கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டது. பிறகு அதுவும் கதைக்கவில்லை.

5

புவனம் வாளியை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போனாள். ஊரிலிருந்து கொண்டுவந்த பழப்புளியில் மிச்சம் இருந்த கடைசி உருண்டையைக் கரைத்தாள். பெரிய மீன்கள் குழம்பு. என்னுடையதை முழுசாகப் பொரித்தாள். சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, அவித்த முட்டை. ஐந்து நாளுக்குப் பிறகு வீட்டில் மீன் மணம் எழும்பியது. எனக்குப் பசித்தது, அதுவே வெட்கமாக இருந்தது.

படத்துக்கு முன்னால் படைத்தோம். அப்பா சுருட்டுக்காரர். யாழ்ப்பாணச் சுருட்டுக்கு எங்கே போவது? என் மேசை லாச்சிக்குள் கந்தோரில் யாரோ பிள்ளை பிறந்ததற்குத் தந்த சுருட்டு ஒன்று கிடந்தது. அதை வைத்தேன். குடையோடு நின்ற அப்பா என்னைப் பார்த்தார். அந்தக் குட்டி மீன் அவருக்கு முன்னால் அவ்வளவு சின்னதாக இருந்தது. நான் தேவாரம் தொடங்கினேன், இரண்டாம் வரி மறந்துவிட்டது, புவனம் பாடி முடித்தாள். வாணி கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்த்தாள்.

"மேசையில கழுவி வைச்சிருக்கிறன், அதில எடுத்துக்கொண்டு போய்ச் சந்தியில வைச்சிட்டு வாங்கோ. திரும்பிப் பாக்காதேங்கோ," என்றாள் புவனம்.

மேசையில் கழுவிக் கவிழ்த்திருந்தவை இரண்டு. ஒன்று ஐஸ்கிரீம் வந்த பிளாஸ்டிக் டப்பா, பக்கத்தில் ஸ்ட்ரோபெரிப் படம். மற்றது நீல விளிம்பு வைத்த வெள்ளை எனாமல் தட்டு, குழிவானது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அப்பாவை ஸ்ட்ரோபெரி டப்பாவில் அனுப்புவேனா? எனாமல் தட்டில் சோறு, குழம்பு, குட்டி மீன், முட்டை எல்லாம் வைத்து, அலுமினியத் தாளால் மூடி, மேலே சுருட்டையும் வைத்துக்கொண்டு நடந்தேன்.

எங்கள் தெரு பெரிய ரோட்டில் ஏறுகிற இடத்தில் ஒரு தபால் பெட்டி நிற்கிறது. அதன் அடியில் வைத்தேன். மைமல் பொழுது, வெளிச்சம் மங்கிவிட்டது. ஒரு கார் போனது. ஊரென்றால் காகம் வரும், நாய் வரும், போனவர் ஏற்றுக்கொண்டார் என்று ஆறுதலாகத் திரும்பலாம். இங்கே காகம் ஒழுங்காக நேரத்துக்குப் படுத்துவிடும், நாய்களுக்குக் கழுத்துப்பட்டியும் கயிறும். ஒருவரும் தொடாமல் விடிய நகரசபைக் குப்பை லொறி வந்து அள்ளிக்கொண்டு போகும் என்று நினைத்துக்கொண்டே, திரும்பிப் பாராமல் வந்தேன்.

கால் கழுவிக்கொண்டு உள்ளே வர, புவனம் ஐஸ்கிரீம் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ரொன்ர தட்டு எங்கையப்பா?"

இறைச்சி கொண்டுவந்த தட்டு. வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது, எட்டு முடிய அதில் மீன் குழம்பு போட்டுக் கொடுப்போம் என்று கழுவி வைத்திருக்கிறாள். நான் அதைப் பேய்க்கு வைத்துவிட்டு வந்திருக்கிறேன். போய் எடுத்துக்கொண்டு வரட்டுமா என்றேன். சந்தியில் வைத்ததை எடுக்கிறதோ என்று அவள் வாயில் கை வைத்தாள். அப்போ ரொன்னுக்கு என்ன சொல்வது? புதுத் தட்டு வாங்கிக் கொடுப்போம் என்றாள். நாளைக்குக் கடை திறக்குமா என்று கேட்க வாய் எடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடினேன்.

பிறகு சாப்பிட இருந்தோம். வாணி மீனைத் தொடவில்லை.

6

நாங்கள் கை கழுவ முதல் கதவில் தட்டுகிற சத்தம். ரொன். பக்கத்தில் நாய். அவர் வாயில் சுருட்டு, பாதி எரிந்திருந்தது.

அந்தச் சுருட்டைக் கண்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நாயைக் கூட்டிக்கொண்டு போகும்போது தபால் பெட்டியடியில் தன்னுடைய தட்டைக் கண்டிருக்கிறார், சூடு ஆறாமல், தாளால் மூடி, மேலே சுருட்டோடு. தினமும் அந்த நேரம் அந்த வழியால் தான் போவது தெரிந்து நாங்கள் அதில் வைத்திருக்கிறோம் என்று நினைத்திருக்கிறார். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாண் ரொட்டியோடு சாப்பிட்டு முடித்துவிட்டார். இது உங்கள் நாட்டு வழக்கமா என்று கேட்டார். மோசமில்லை, ஆனால் கதவில் தட்டியும் தந்திருக்கலாம்.

நான் வாயைத் திறந்தேன். பின்னாலிருந்து புவனம் என் முதுகில் விரலால் மெல்லக் குத்தினாள். திரும்பாமலே எனக்கு அர்த்தம் தெரிந்தது. தட்டு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. படைத்ததைச் சாப்பிட ஒரு வாய் வந்திருக்கிறது. சொல்லாதே.

ஓம், எங்கள் வழக்கம் என்றேன்.

ரொன் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். அந்தக் குட்டி மீன், நாள் முழுக்க நீ குளிரில் நின்று பிடித்தது, உன் அப்பாவுக்கென்று சொன்னாயே, அதை எனக்கா வைத்தாய் என்றார். அப்படி ஒன்றை எனக்கு ஒருவரும் தந்ததில்லை மேட் என்றார். குரல் கொஞ்சம் சரியில்லை. தனக்கே அது பிடிக்கவில்லை போலத் தொண்டையைச் செருமினார். ரொன் குறை சொல்லாமல் ஒரு வீட்டு வாசலை விட்டுப் போனவரில்லை.

காரம் பரவாயில்லை, என்றார். சுருட்டு நல்லது. மீன்தான், மனதில் வைத்துக்கொள்ளாதே, கொஞ்சம் சேற்று மணம்.

நான் அழத் தொடங்கினேன்.

சத்தமாக, வாசலில், தெரு விளக்கு வெளிச்சத்தில், ஊர்ச் செத்தவீட்டில் அழுவது போல அழுதேன். பாவம் ரொன் பயந்துவிட்டார். சமையலைக் குறை சொன்னதால்தான் என்று நினைத்து, இல்லை இல்லை, அருமையான சாப்பாடு, நான் எப்போதும் இப்படித்தான் சொல்லுவேன் என்று புவனத்திடம் திரும்பத் திரும்பச் சொன்னார். புவனம் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அன்றும் தெரியவில்லை, அவளைக் கேட்டால் இன்றும் சொல்கிறாளில்லை.

ரொன் போன பிறகு நான் வாசற்படியில் இருந்தேன். வாணி வந்து பக்கத்தில் இருந்தாள். அந்தக் குட்டி மீனுக்காகவா அழுகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ஓம்," என்றேன்.

நான்தான் விடச் சொன்னேனே என்றாள்.

7

வியாழக்கிழமைத் திவசத்துக்கு மரக்கறிச் சாப்பாடு. மீன் தேவையில்லை. எள்ளு ஒரு கிரேக்கன் கடையில் கிடைத்துவிட்டது. தர்ப்பைக்கு ரொன்னின் வேலியோரப் புல்லைப் பார்த்து வைத்திருக்கிறாள் புவனம். படம் துடைத்து வைத்தாயிற்று. வாணியைக் கூப்பிட்டு, இதில் அப்பப்பா ஆர் என்று கேட்டேன். கண்ணாடி போட்டவரைக் காட்டினாள்.

ரொன் இன்று காலை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். போன வருடம் இந்த நாளில்தானே என்றார். ஞாபகம் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போவோமா என்று கேட்டார். அந்த ஏரி மீனில் சேற்று மணம் என்று சொன்னவர் நீங்கள்தானே என்றேன்.

மணம்தான், என்றார். அதற்காக உன் அப்பாவுக்கு ஒன்றுமே கொடுக்காமல் விடுவதா?

போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.